நிக்கல் காசுகள்: அச்சு வேறுபாடுகளும் கள்ள நாணயங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐந்து சென்ட் நாணயம் மக்கள் வழக்கில் 'நிக்கல்' எனப்படுகிறது. 1866 ஆம் ஆண்டு முதல் இன்று வரை புழக்கத்தில் இருந்துவரும் காசு இது. அந்நாட்டின் நாணயச் சேகரிப்பாளர்களுள் ஒரு சாரார், பழைய நிக்கல் காசுகளில் காணப்படும் அச்சு வேறுபாடுகளையும், அவற்றைப் போலச் செய்யப்பட்ட கள்ள நாணயங்களையும் தேடிச் சேகரிக்கின்றனர். விலை மதிப்பு மட்டும் இதற்குக் காரணம் அன்று. ஒரு சிறு காசின் மேல் உள்ள கீறல், மேடு, பள்ளம் ஆகியவற்றைக் கொண்டு அது பிறந்த விதத்தைக் கண்டறியலாம் என்பதே இத்துறையின் சிறப்பு.

ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்குவோம். 1937 ஆம் ஆண்டு டென்வர் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட சில நிக்கல்களில் காட்டெருமைக்கு மூன்று கால்களே உள்ளன. தேய்ந்துபோன நிலையிலும் அவை நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கின்றன. அதே ஆண்டின் சாதாரணக் காசு ஒன்றில் எருமையின் காலை ஒருவர் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டால், அதுவும் மூன்று கால் எருமைதான். ஆனால் அதற்கு ஐந்து சென்ட் மதிப்புதான் உண்டு. அதை அரிய காசு என்று விற்றால் குற்றமாகும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றைப் பிரித்தறிவது எப்படி என்பதை நிக்கல் காசின் வரலாற்றின் வழியே இக்கட்டுரையில் காண்போம்.

தமிழர்களுக்கு இந்த வேலை புதிதன்று. காசை நோட்டம் பார்ப்பவரைப் பழந்தமிழர் வண்ணக்கன் என்று அழைத்தனர். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. 'நாணயம்' என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பதும் நாம் அறிந்ததே.

நிக்கல் காசின் பிறப்பு

அமெரிக்காவில் முதலில் ஐந்து சென்ட் மதிப்புக்கு வெள்ளிக் காசே இருந்தது. 1861 இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளியையும் பொன்னையும் பதுக்கினர். சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்க அரசு ஐந்து சென்ட், பத்து சென்ட் மதிப்புக்குக்கூடக் காகிதத் தாள் அச்சிட்டது. அவை எளிதில் அழுக்கேறிக் கிழிந்தன. அவற்றுக்கு மாற்றாக, பதுக்கி வைக்கத் தூண்டாத மலிவான உலோகத்தில் காசு தேவைப்பட்டது. நிக்கல் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர், நிக்கல் கலந்த காசை வெளியிடுமாறு தொடர்ந்து வலியுறுத்தி வந்தார்.

1866 மே 16 அன்று இயற்றப்பட்ட சட்டத்தின்படி புதிய ஐந்து சென்ட் காசு வந்தது. 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் கலந்த அக்காசின் எடை 5 கிராம். செம்பே மிகுதியாக இருந்தாலும், நிறத்தால் இது நிக்கல் என்றே பெயர் பெற்றது. தலைமைச் செதுக்குநர் ஜேம்ஸ் லாங்ஏக்கர் வடிவமைத்த இக்காசின் முகப்பில் கேடயம் இருந்தது. பின்புறத்தில் 5 என்ற எண்ணைச் சுற்றி விண்மீன்களும் அவற்றின் இடையே கதிர்களும் இருந்தன. செம்பு நிக்கல் கலவை மிகக் கடினமானது. அதில் அடித்து அடித்து எஃகு அச்சுகள் விரைவில் வெடித்தன. அடிப்பதை எளிதாக்க 1867 இல் கதிர்கள் நீக்கப்பட்டன. எனினும் அச்சுகள் உடைவது குறையவில்லை.

அச்சு உடைந்தால் புதிய அச்சு வேண்டும். ஒவ்வொரு புதிய அச்சிலும் ஆண்டு எண்ணைத் தனியாகக் குத்த வேண்டியிருந்தது. கைவேலை என்பதால் எண் சற்று இடம் மாறியும், ஒரு முறைக்கு இரு முறை குத்தப்பட்டும் போயிற்று. இதனால்தான் 1866 முதல் 1883 வரையிலான கேடய நிக்கல்களில் இத்தனை அச்சு வேறுபாடுகள் உள்ளன. 1873 ஆம் ஆண்டுக் காசில் 3 என்ற எண்ணின் இரு முனைகளும் நெருங்கியிருப்பது ஒரு வகை, விலகியிருப்பது மற்றொரு வகை. 1883 ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் 3 க்கு அடியில் 2 எட்டிப் பார்க்கும். உலோகத்தின் கடினத்தன்மையே இந்தச் சேகரிப்புக் கலைக்கு வித்திட்டது எனலாம்.

காசு அடிக்கும் முறை

அச்சு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் காசு அடிக்கும் முறையை ஓரளவு அறிந்திருக்க வேண்டும். காசில் உருவம் மேடாக இருக்கும். அதை அடிக்கும் அச்சில் அதே உருவம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் இருக்கும். அச்சை உருவாக்குவதற்கு 'ஹப்' எனப்படும் எஃகு முத்திரை ஒன்று உண்டு. காசைப் போலவே அதிலும் உருவம் மேடாக இருக்கும். ஹப்பை மென்மையாக்கிய எஃகுத் துண்டின் மேல் வைத்துப் பெரும் விசையுடன் அழுத்தினால் அச்சு கிடைக்கும். ஓர் அச்சைக் கொண்டு பல்லாயிரம் காசுகள் அடிக்கலாம்.

நீண்ட காலமாக ஒரே அழுத்தத்தில் அச்சு முழுமை பெறவில்லை. ஒரு முறை அழுத்தியதும் எஃகு இறுகிவிடும். அதைச் சூடாக்கி மென்மையாக்கி, மீண்டும் ஹப்பின் அடியில் வைத்து அழுத்துவர். இரண்டாம் முறை வைக்கும்போது இம்மி அளவு விலகினாலும் அச்சில் உருவம் இரட்டையாகப் பதியும். அந்த அச்சில் அடிக்கப்படும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை உருவம் தோன்றும். இதுவே இரட்டை அச்சு எனப்படுகிறது. 1916 ஆம் ஆண்டு நிக்கல் சிலவற்றில் ஆண்டு எண் இரண்டிரண்டாகத் தெரிவது இதனால்தான். 1939 ஆம் ஆண்டுக் காசு சிலவற்றின் பின்புறத்தில் 'மான்டிசெல்லோ' என்ற சொல்லும் 'ஐந்து சென்ட்' என்ற சொற்களும் இரட்டையாக உள்ளன.

சில வேளைகளில் முதல் அழுத்தத்துக்கு ஓராண்டின் ஹப்பும், இரண்டாம் அழுத்தத்துக்கு அடுத்த ஆண்டின் ஹப்பும் பயன்பட்டுவிடும். ஆண்டின் இறுதியில் இரு ஆண்டுகளின் அச்சுகளையும் ஒரே கூடத்தில் தயாரிக்கும்போது இவ்வாறு நேரும். 1918 ஆம் ஆண்டு டென்வர் நிக்கலில் 8 க்கு அடியில் 7 தெரிவதும், 1943 ஆம் ஆண்டு பிலடெல்பியா நிக்கலில் 3 க்கு அடியில் 2 தெரிவதும் இவ்வகையே.

நாணயச்சாலைக் குறியும் வேறுபாட்டுக்கு இடம் தந்தது. நம் நாட்டுக் காசுகளில் ஆண்டு எண்ணுக்குக் கீழே மும்பைக்கு வைர வடிவமும், ஐதராபாத்துக்கு விண்மீனும், நொய்டாவுக்குப் புள்ளியும் இருப்பதை மாணவர்கள் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் டென்வருக்கு 'டி', சான் பிரான்சிஸ்கோவுக்கு 'எஸ்' என்ற எழுத்துகள் குறிகளாகும். 1980களின் இறுதி வரை இந்த எழுத்து ஒவ்வோர் அச்சிலும் கையால் குத்தப்பட்டது. 1938 ஆம் ஆண்டு எருமைக் காசில் 'எஸ்' மேல் 'டி' குத்தப்பட்ட அச்சுகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்கென ஒதுக்கிய அச்சை டென்வருக்கு மாற்றியதன் அடையாளம் அது.

வேறுபாடும் பிழையும்

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வர். அச்சிலேயே உள்ள மாறுபாடு, அந்த அச்சில் பிறந்த எல்லாக் காசுகளிலும் வரும். அதுவே அச்சு வேறுபாடு. அடிக்கும் வேளையில் தகடு விலகியதாலோ, மடிந்ததாலோ ஒரே ஒரு காசில் நேர்வது அடிப்புப் பிழை. அச்சு வேறுபாட்டை ஒன்றுடன் ஒன்று ஒப்பிட்டுப் பட்டியலிட முடியும். பில் பிவாஸ், ஜே. டி. ஸ்டான்டன் ஆகிய இருவரும் தொகுத்த கையேடு இத்துறையில் பலரும் பின்பற்றும் பட்டியலாகும்.

ஏமாற்றும் இரட்டை உருவம் ஒன்றும் உண்டு. அடிக்கும்போது அச்சு தளர்வாக இருந்தால், அடித்த கணத்தில் சற்று அசைந்து எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். அப்போது எழுத்தின் அருகே தட்டையான படிக்கட்டு போன்ற தடம் விழும். இது மிகச் சாதாரணம். இதற்குத் தனி மதிப்பு இல்லை. உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவமும் முதல் உருவம் போலவே புடைத்து வளைவாக இருக்கும். எழுத்தின் மூலைகளில் பிளவு தெரியும். அரிய காசு கிடைத்துவிட்டது என மகிழ்வோரில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகின்றனர்.

1883: சென்ட் என்ற சொல் இல்லாத காசு

1883 இல் சார்லஸ் பார்பர் வடிவமைத்த புதிய நிக்கல் வெளிவந்தது. முகப்பில் சுதந்திர தேவியின் தலை; பின்புறத்தில் மாலைக்கு நடுவே ஐந்தைக் குறிக்கும் ரோமானிய எண்ணான 'வி' மட்டும் இருந்தது. 'சென்ட்' என்ற சொல் இல்லை. அக்காலத்தில் புழங்கிய ஐந்து டாலர் பொற்காசின் குறுக்களவும் ஏறத்தாழ இதே அளவுதான். சிலர் இந்த நிக்கலுக்குப் பொன்முலாம் பூசினர். சிலர் ஒரு படி மேலே போய், பொற்காசில் இருப்பது போல விளிம்பில் வரிகளும் வெட்டினர். கவனமில்லாத கடைக்காரர் அதை ஐந்து டாலர் என எண்ணி மீதிச் சில்லறை கொடுத்தார். ஐந்து சென்ட் காசு நூறு மடங்கு மதிப்புக்குச் செலவானது.

காது கேளாத, வாய் பேசாத ஜாஷ் டேட்டம் என்பவர் இவ்வாறு பலரை ஏமாற்றிப் பிடிபட்டதாகவும், ஐந்து டாலர் என்று அவர் ஒருபோதும் வாய்திறந்து சொல்லவில்லை என்பதால் விடுதலை பெற்றதாகவும் ஒரு கதை சேகரிப்பாளர்களிடையே உலவுகிறது. அக்கால ஆவணங்களில் இதற்குச் சான்று இல்லை. கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் ஆவணம் இல்லாததைச் செய்தியாகவே கொள்ள வேண்டும், வரலாறாகக் கொள்ளலாகாது.

அதே ஆண்டிலேயே நாணயச்சாலை வடிவத்தைத் திருத்தி, 'வி' எண்ணுக்குக் கீழே 'சென்ட்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தது. பழைய வடிவம் ஏறத்தாழ 55 லட்சமும், புதியது 1 கோடியே 60 லட்சமும் அடிக்கப்பட்டன. எண்ணிக்கையில் குறைந்ததே அரிதாக இருக்க வேண்டும் என்று தோன்றும். நடந்தது வேறு. பிழையான காசு திரும்பப் பெறப்படும், பிற்காலத்தில் விலை ஏறும் என்று எண்ணி மக்கள் பழைய வடிவத்தை எடுத்து வைத்துக்கொண்டனர். அதனால் இன்று நல்ல நிலையில் எளிதாகக் கிடைப்பது சொல் இல்லாத காசுதான்.

எருமைக் காசும் மூன்று கால்களும்

1913 இல் சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் பிரேசர் உருவாக்கிய எருமை நிக்கல் வந்தது. முகப்பில் செவ்விந்தியர் என்று முன்னர் அழைக்கப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடி ஒருவரின் முகம், பின்புறத்தில் காட்டெருமை. அழகிய காசு என்று பெயர் பெற்றாலும் புழக்கத்துக்கு ஏற்றதாக இல்லை. முதலில் 'ஐந்து சென்ட்' என்ற சொற்கள் எருமை நிற்கும் மேட்டின் மேல் இருந்ததால் விரைவில் தேய்ந்தன. அதே ஆண்டில் அதைத் திருத்தி, சொற்களைத் தாழ்வான இடத்துக்கு மாற்றினர். ஆண்டு எண்ணோ மேடான தோள் பகுதியிலேயே நின்றது. ஆண்டு எண் அழிந்த எருமைக் காசுகள் இன்று ஏராளமாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். ரசாயனக் கரைசல் ஒன்றைத் துளி அளவு இட்டால் மறைந்த எண் மங்கலாக மேலெழும். ஆனால் கரைசல் பட்ட இடம் அரித்துப் போவதால் காசின் மதிப்பு குறைந்துவிடும்.

மூன்று கால் எருமைக்கு வருவோம். காசு அடிக்கும்போது நடுவில் தகடு வராமல் போனால், மேல் அச்சும் கீழ் அச்சும் நேருக்கு நேர் மோதும். ஒன்றின் உருவம் மற்றொன்றில் தழும்பாகப் பதியும். 1937 இல் டென்வரில் ஒரு தொழிலாளி, இத்தகைய தழும்பை அகற்ற அச்சைத் தேய்த்தார். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார். அச்சில் ஆழம் குறைந்த பள்ளமாக இருந்த முன்னங்கால் ஒன்று மறைந்தது. குளம்பு மட்டும் தரையில் தனியே நின்றது. அந்த ஆண்டு டென்வரில் அடிக்கப்பட்ட 1 கோடியே 78 லட்சம் நிக்கல்களில், அந்த ஓர் அச்சில் பிறந்தவை மட்டுமே மூன்று கால் எருமைகள்.

இதற்கு விலை ஏறியதும், சாதாரணக் காசில் காலைச் சுரண்டி எடுப்போர் தோன்றினர். இங்கே ஓர் அடிப்படை விதி துணை செய்கிறது. அச்சில் விழும் கீறல் காசில் மேடாக வரும். காசிலேயே போடும் கீறல் பள்ளமாக இருக்கும். உண்மையான மூன்று கால் காசில் எருமையின் வயிற்றிலிருந்து தரை வரை சிறு மேட்டுப் புள்ளிகள் ஒரு கோடாக இறங்கும். பின்னங்காலும் பூச்சி அரித்தது போல மெலிந்திருக்கும். இவை அந்த அச்சின் தழும்புகள். காலைச் சுரண்டி எடுப்பது எளிது. தட்டையான பரப்பில் மேடான புள்ளிகளை உண்டாக்குவது எளிதன்று. எனவே கால் இல்லை என்பதைப் பார்ப்பதைவிட, புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே சரியான நோட்டம்.

2005 ஆம் ஆண்டு மீண்டும் காட்டெருமை பொறித்த நிக்கல் வெளியானது. டென்வரில் அடிக்கப்பட்ட சிலவற்றில் எருமையின் முதுகில் ஈட்டி பாய்ந்தது போல நீண்ட கோடு ஒன்று உள்ளது. அது மேடாக இருப்பதால் அச்சில் விழுந்த கீறல் என்பது உடனே விளங்கும்.

ஒட்டிய எழுத்தும் திருத்திய எண்ணும்

சுரண்டுவதைப் போலவே ஒட்டுவதும் உண்டு. 1912 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் 2,38,000 நிக்கல்களே அடிக்கப்பட்டன. 1926 இல் அங்கு அடிக்கப்பட்டவை 9,70,000. பிலடெல்பியாவின் அதே ஆண்டுக் காசுகளோ கோடிக்கணக்கில் இருந்தன. அவற்றில் நாணயச்சாலைக் குறி இல்லை. சிறிய 'எஸ்' ஒன்றை வேறு காசிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டிவிட்டால் சாதாரணக் காசு அரிய காசாகத் தோன்றும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் அடியில் மெல்லிய இணைப்புக் கோடோ, பசையோ, நிற மாற்றமோ தெரியும். அச்சில் பிறந்த எழுத்து தரையிலிருந்து வளைந்து எழும். ஒட்டிய எழுத்து தரையில் வைத்த பொருள் போல நிற்கும்.

காசை மாற்றுவதெல்லாம் மோசடி என்று கொள்ளவும் கூடாது. எருமை நிக்கலில் உள்ள முகத்தை உளியால் செதுக்கி, தொப்பி அணிந்தவராகவும் தாடிக்காரராகவும் மாற்றும் கலை அமெரிக்காவில் வளர்ந்தது. நாடோடித் தொழிலாளர்களின் பெயரால் அவை 'ஹோபோ நிக்கல்' எனப்படுகின்றன. இவை எவரையும் ஏமாற்றச் செய்யப்பட்டவை அல்ல. கைவினைப் பொருள் என்று தெரிந்தே இவற்றையும் தனியாகச் சேகரிக்கின்றனர்.

ஹென்னிங்கின் கள்ளக் காசுகள்

இதுவரை கண்டவை சேகரிப்பாளரை ஏமாற்றும் வேலைகள். கடைத்தெருவில் செலவழிப்பதற்காகவே கள்ள நிக்கல் அடித்தவரும் உண்டு. அவர்களுள் பெயர்பெற்றவர் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் லீராய் ஹென்னிங். 1950களின் முற்பகுதியில் இவர் உண்மையான காசுகளிலிருந்து அச்சு எடுத்து, பெரும் எண்ணிக்கையில் நிக்கல்களை அடித்துப் புழக்கத்தில் விட்டார். ஐந்து சென்ட் காசை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதே அவருக்கு இருந்த துணிவு.

அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரே ஓர் எழுத்து. அதுவும் இல்லாத எழுத்து. இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல் உலோகம் போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே 1942 இன் பிற்பகுதி முதல் 1945 வரை ஐந்து சென்ட் காசில் நிக்கலே இல்லை. 56 விழுக்காடு செம்பு, 35 விழுக்காடு வெள்ளி, 9 விழுக்காடு மாங்கனீசு கலந்திருந்தன. போர் முடிந்ததும் அடையாளம் கண்டு திரும்பப் பெற வசதியாக, பின்புறக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே நாணயச்சாலைக் குறியைப் பெரிதாகப் பொறித்தனர். அதுவரை குறியே இல்லாமல் இருந்த பிலடெல்பியாவும் முதன்முதலாக 'பி' என்ற எழுத்தைப் பொறித்தது. எனவே 1944 ஆம் ஆண்டு எந்த நிக்கலானாலும் குவிமாடத்தின் மேல் ஓர் எழுத்து இருந்தாக வேண்டும். ஹென்னிங் வேறு ஆண்டின் பின்புற அச்சை 1944 ஆம் ஆண்டின் முகப்புடன் இணைத்துவிட்டார். அவருடைய 1944 காசில் எழுத்து இல்லை.

இதைக் கவனித்தவர்கள் நாணயச் சேகரிப்பாளர்கள். காசுகளின் எடையும் சற்றுக் கூடுதலாக, சுமார் 5.4 கிராம் இருந்தது. பின்புறத்திலுள்ள இலத்தீன் வாசகத்தில் 'ஆர்' என்ற எழுத்தின் காலில் ஒரு சிறு வளையம் போன்ற குறையும் காணப்பட்டது. விவரம் வெளியானதும் ஹென்னிங் கையிருப்பில் பெரும்பகுதியை ஆற்று நீரில் கொட்டிவிட்டுத் தலைமறைவானார். 1955 இல் கிளீவ்லேண்ட் நகரில் பிடிபட்டார். மூன்றாண்டுச் சிறையும் 5,000 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. இன்று ஹென்னிங் நிக்கல் என்றே அக்காசுகளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. கள்ளக் காசு என்று தெரிந்தும் அவற்றை முகமதிப்பைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவோர் உள்ளனர்.

1913: மெய்யைப் பொய் என்று தள்ளிய கதை

பொய்யை மெய் என நம்புவது மட்டுமே தவறன்று. மெய்யைப் பொய் என ஒதுக்குவதும் தவறே. சுதந்திர தேவி பொறித்த நிக்கல் 1912 உடன் முடிவுற்றது. ஆனால் 1913 என ஆண்டு பொறித்த ஐந்து காசுகள் உள்ளன. நாணயச்சாலையின் முன்னாள் ஊழியரான சாமுவேல் பிரவுன், 1919 இறுதியில் அத்தகைய காசை 500 டாலருக்கு வாங்கிக்கொள்வதாக ஒரு நாணயவியல் இதழில் விளம்பரம் செய்தார். அடுத்த ஆண்டு சிகாகோவில் நடந்த அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் மாநாட்டில் அவரே அதைக் காட்சிக்கு வைத்தார். இவை அதிகாரபூர்வ ஆணையின்றி நாணயச்சாலைக்குள் அடிக்கப்பட்டவை என்பதே பெரும்பாலோர் கருத்து. ஐந்தும் பின்னர் கர்னல் கிரீன் என்ற செல்வரிடம் சென்று, அவர் இறந்தபின் பலரிடம் பிரிந்தன.

டெக்சாஸ் நாணய வணிகர் மேக்ஸ் மேல், இந்தக் காசைக் கொண்டுவருவோருக்கு 50 டாலர் தருவதாக ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தார். ஐந்து காசுகளும் எங்கிருக்கின்றன என்பது தெரிந்தே செய்த விளம்பரம் அது. எனினும் சாதாரண மக்கள் தங்கள் பையிலுள்ள சில்லறையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அதனால் வளர்ந்தது. 1910, 1912 ஆம் ஆண்டுக் காசுகளின் கடைசி எண்ணை 3 ஆகத் திருத்திய போலிகளும் தோன்றின.

ஐந்தில் ஒன்று ஜார்ஜ் வால்ட்டன் என்பவரிடம் இருந்தது. 1962 இல் வட கரோலினாவில் நடந்த கார் விபத்தில் அவர் இறந்தபோது அந்தக் காசும் உடன் இருந்தது. அவருடைய சேகரிப்பை ஏலத்துக்காகப் பார்வையிட்டவர்கள், இது ஆண்டு எண் திருத்தப்பட்ட போலி என்று சொல்லிக் குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்தனர். அவருடைய தங்கை அதை எறிந்துவிடாமல் அலமாரிக்குள் வைத்துப் பாதுகாத்தார். நாற்பது ஆண்டுகள் கடந்தன. ஐந்தாவது காசு காணாமற்போயிற்று என்றே உலகம் எண்ணியிருந்தது.

2003 இல் பால்டிமோர் நகரில் மற்ற நான்கு காசுகளையும் ஓரிடத்தில் காட்சிக்கு வைக்க ஏற்பாடாயிற்று. குடும்பத்தார் தங்களிடமிருந்த காசை அங்குக் கொண்டுசென்றனர். வல்லுநர் அறுவர் அதை மற்ற நான்குடன் அருகருகே வைத்து ஒப்பிட்டு, உண்மையானதே என்று முடிவு செய்தனர். 2013 ஏப்ரலில் அது 31,72,500 டாலருக்கு ஏலம் போயிற்று. 1962 இல் ஒப்பிட்டுப் பார்க்க வேறு காசு அருகில் இல்லை. 2003 இல் நான்கும் இருந்தன. காசு மாறவில்லை, ஒப்பீடு மட்டுமே புதிதாக வந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1896, 1900, 1902 ஆகிய ஆண்டுகளின் நியூ ஆர்லியன்ஸ் வெள்ளி டாலர் சிலவற்றில் 'ஓ' என்னும் நாணயச்சாலைக் குறி வழக்கத்தைவிடச் சிறிதாக உள்ளது. பல்லாண்டுகள் அவற்றை அரிய அச்சு வேறுபாடு எனப் பட்டியலிட்டுப் போற்றினர். வேறு வேறு ஆண்டுக் காசுகளில் ஒரே பின்புறத் தழும்புகள் இருப்பதைக் கண்ட பிறகு, 2005 இல் அவை பழங்காலக் கள்ள நாணயங்கள் என்று பி.சி.ஜி.எஸ். என்னும் தரச்சான்று நிறுவனம் அறிவித்தது. வல்லுநர் பட்டியலில் இருப்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது என்பதற்கு இது சான்று.

நோட்டம் பார்க்கும் முறை

நிக்கல் காசு ஒன்றைச் சோதிக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு, காந்தம், நல்ல விளக்கு ஆகியவை போதும்.

முதலில் எடை பார்க்க வேண்டும். புதிய நிக்கலின் எடை 5 கிராம். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு கூடுதலாகவோ குறைவாகவோ 0.194 கிராம். தேய்மானத்தால் எடை குறையலாம், கூடாது. அடுத்து காந்தம். 25 விழுக்காடு நிக்கல் இருந்தும் இக்கலவையைச் சாதாரணக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஈர்த்தால் உலோகம் வேறு. மூன்றாவதாக, சந்தேகமான இடத்தைச் சாய்ந்த ஒளியில் பார்த்து, அது மேடா பள்ளமா என்று தீர்மானிக்க வேண்டும். நான்காவதாக, அறியப்பட்ட உண்மைக் காசின் தெளிவான படத்துடன் ஒப்பிட வேண்டும். உண்மைக் காசிலிருந்து படியெடுத்த அச்சில் அடித்த போலிகளில், மூலக் காசில் இருந்த சிறு காயங்கள் எல்லாக் காசுகளிலும் ஒரே இடத்தில் வரும். இரண்டு காசுகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடிபட வழியில்லை அல்லவா?

காசைத் தேய்த்துக் கழுவக் கூடாது. பளபளப்பு கூடும், சான்று அழியும். விலை மிகுந்த காசாயின் தரச்சான்று நிறுவனத்தின் கருத்தைப் பெறுவதே முறை.

அமெரிக்காவில் வாழும் தமிழ் மாணவர்கள் இதை எளிதாகத் தொடங்கலாம். வங்கியில் 40 நிக்கல் கொண்ட ஓர் உருளையின் விலை 2 டாலர்தான். பார்த்து முடித்தபின் வேண்டாதவற்றை அதே மதிப்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சட்டம் கூறுவது

அமெரிக்கச் சட்டப்படி நாணயத்தைப் போலிசெய்வதும், ஏமாற்றும் நோக்கத்துடன் போலியை வைத்திருப்பதும், செலவழிப்பதும் குற்றம். உண்மைக் காசை ஏமாற்றும் நோக்கத்துடன் திருத்துவதும் குற்றமே. 1973 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பழங்காசுகளின் மாதிரியைச் செய்வோர் அதன் மேல் 'நகல்' என்று பொருள்படும் சொல்லைப் பொறிக்க வேண்டும் என்று விதித்துள்ளது. எனவே கள்ள நாணயங்களை ஆய்வுக்காகப் பார்ப்போர், அவற்றை உண்மைக் காசுகளுடன் கலக்காமல், போலி என்று எழுதித் தனியே வைப்பது கடமை. இன்று தெரிந்து வைத்திருப்பவர் மறைந்தபின், அடுத்த தலைமுறை அதை அறியாமல் விற்றுவிடும் ஆபத்து உண்டு.

நிறைவாக

மூன்று கால் எருமையும், சென்ட் இல்லாத காசும், ஹென்னிங்கின் எழுத்தில்லாக் காசும் கற்பிப்பது ஒன்றே. எதையோ இழந்த காசு அதனாலேயே அரிதாகிவிடுவதில்லை. அது எங்கே, எவர் கையால், எந்தக் கருவியால் இழந்தது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே அதன் மதிப்பைச் சொல்ல முடியும். அந்த விடையைச் சேகரிப்பாளர் விருப்பத்தால் அன்றி, எடையாலும் ஒப்பீட்டாலும் காண வேண்டும். வால்ட்டனின் தங்கை நாணயவியல் அறிந்தவர் அல்லர். போலி என்று பெரியவர்கள் சொன்ன காசை எறியாமல் வைத்திருந்தார். அவர் வைத்திருந்ததால்தான் பின்வந்தவர்களால் அதை மீண்டும் சோதிக்க முடிந்தது. பழம்பொருள்களைப் பொறுத்தவரை முதலில் பாதுகாப்பதும், பிறகு ஆராய்வதும், கடைசியாகத் தீர்ப்புச் சொல்வதுமே சரியான வரிசை.